நெல்லுக்குள்ள ஒளிச்சு நிக்கிற புல்

தொண்டைமானாறு எண்டு சொன்னால் எங்கட வயசு ஆக்களுக்கு முதலில் ஞாபகம் வாறது வெளிக்கள நிலையத்தின் மாதிரி வினாத்தாள். ஏ.எல். எடுத்த யாருக்கும் அந்தப் பெயர் மறக்காது. அடுத்தது சந்நிதி முருகன், அன்னதானக் கந்தன். அந்த அன்னம் விளையிற வயல் எங்களுக்கு ஞாபகத்துக்கு வாறதே இல்லை. கடல்நீரேரிக்கு ரெண்டு பக்கமும் மாரியில் பச்சையாகவும் கோடையில் வெடிச்சுப்போயும் கிடக்கிற அந்த வயல்களுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதில் ஒரு சின்னப் பகுதியை, களையின் வரலாற்றை, இங்கே எழுதிப் பார்க்கிறோம். நாங்கள் கலைப்பீடம்தான். ஆனால் களையைப் பற்றி வாசிக்க வாசிக்க, இது விஞ்ஞான பாடம் எவ்வளவோ அவ்வளவுக்கு வரலாற்றுப் பாடமும்தான் எண்டு விளங்கினது.

கமக்காரர் யாரோடு கதைச்சாலும் ஒரு முறைப்பாடு வரும். "முந்தி ஒருக்கா மருந்தடிச்சாக் காணும். இப்ப ரெண்டுதரம் அடிச்சும் புல்லுச் சாகுதில்லை." ஏன் எண்டு கேட்டால் ரெண்டு பதில் வரும். ஒன்று, மருந்து கலப்படம். மற்றது, புல்லுக்கு மருந்து பழகிட்டுது. முதலாவது சில இடங்களில் உண்மையாக இருக்கலாம். இரண்டாவது கிட்டத்தட்டச் சரி. ஆனால் "பழகிட்டுது" என்ற சொல்லுக்குள்தான் சிக்கல் இருக்கு. ஒரு புல் தன் வாழ்நாளில் மருந்துக்குப் பழகுவதில்லை. மருந்து அடிக்க முதலே, லட்சக்கணக்கான புற்களுக்குள் ஒன்றிரண்டு, தற்செயலாக ஏற்பட்ட ஒரு பரம்பரையலகு விகாரத்தால் தாங்கக்கூடியவையாக இருந்திருக்கும். மருந்து மற்றவை எல்லாத்தையும் கொன்றுவிட, மிஞ்சிய அந்த ஒன்றிரண்டும் ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். அடுத்த போகத்தில் அதே மருந்து, அதே தேர்வு. சில வருசத்தில் வயல் முழுக்க அவற்றின் பிள்ளைகள். மருந்து எதிர்ப்பை உருவாக்குவதில்லை, தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. தேர்ந்தெடுத்தது நாங்கள்.

முதலில் ஏமாந்தது கண்

இந்தத் தேர்வு மருந்தோடு தொடங்கவில்லை. நெல் வயலின் மிகப் பெரிய எதிரிகளில் ஒன்று குதிரைவாலிச் சாதிப் புற்கள். எகினோகுளோவா என்பது அவற்றின் தாவரவியற் பெயர். இளம் பயிரில் இதையும் நெல்லையும் பிரித்தறியிறது லேசான வேலையில்லை. இலையும் மடலும் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு அந்த இடத்தில் மெல்லிய தோல் மாதிரி ஒரு நா இருக்கும். புல்லுக்கு இராது. அனுபவப்பட்ட கை அதைத் தடவியே கண்டுபிடிக்கும்.

ஏன் இந்தப் புல் இவ்வளவு நெல் மாதிரி இருக்கிறது? ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வவிலோவ் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். மனிதர் பார்த்துப் பார்த்துப் பிடுங்கும்போது, பயிரைப் போல இல்லாத களை முதலில் அகப்படும். பயிரைப் போல இருக்கிறது தப்பும். தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் களை பயிரின் சாயலுக்கு வந்துவிடும். சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதிப் புற்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2019 இல் வெளியான ஓர் ஆய்வு, நெல்லைப் போல நிமிர்ந்து நிற்கும் வகை ஏறத்தாழ 1000 வருசங்களுக்கு முன் உருவாகத் தொடங்கியதாகக் கணித்தது. அங்கே சனத்தொகை பெருகி, நெற்செய்கை விரிந்து, கையால் களை பிடுங்குதல் தீவிரமான காலம் அது.

யோசிச்சுப் பாருங்கோ. குனிந்து நின்று களை பிடுங்கிய ஆயிரமாயிரம் பேரின் கண், தனக்கே தெரியாமல், தன்னை ஏமாற்றக்கூடிய புல்லைத் தெரிவு செய்து வளர்த்திருக்கிறது. "களைநாசினிக்கு எதிர்ப்பு" என்று இன்று சொல்வதற்கு முன்னோடி, "கண்ணுக்கு எதிர்ப்பு".

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "அந்தக் காலத்தில மருந்து மாயம் இல்லை, எல்லாம் கையாலதான்" எண்டு பெருமையாகப் பேசும்போது, அது யாருடைய கை என்று நாங்கள் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தில் அது பெரும்பாலும் நிலமில்லாத ஆக்களின் கை. ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் கை. அதிலும் பெண்களின் கை. மாரி வெள்ளத்துக்குள்ள நாள் முழுக்கக் குனிந்து நின்ற முதுகுகள் அவர்களுடையவை. அவர்களின் பிள்ளைகள் படித்து, வேறு வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போனது நல்ல விசயம். களை எடுக்க ஆள் இல்லை என்ற குறைக்கு ஒரு பக்கம் விடுதலை என்றும் பெயர். பழைய முறைக்கே திரும்புவோம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

மருந்து வந்த கதை

நவீன களைநாசினியின் காலம் 2,4-டி யோடு தொடங்குகிறது. 1940களில், இரண்டாம் உலகப் போர்க்கால ஆராய்ச்சியில் பிறந்தது. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும், நெல், கோதுமை போன்ற புல் இனங்களை விட்டுவிடும். இலங்கையிலும் பசுமைப் புரட்சியோடு களைநாசினிகள் பரவின. அதே காலத்தில் நெல்லும் மாறியது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற எங்கட பழைய இனங்கள் உயரமானவை, தங்கட நிழலாலேயே களையை ஓரளவு அமுக்கும். 1960களின் பிற்பகுதியிலிருந்து வந்த கட்டையான, உரத்துக்கு நன்றாக விளையும் இனங்களுக்குக் கீழே வெளிச்சம் தாராளமாக விழுந்தது. உரத்தைப் புல்லும் தின்றது. விளைச்சல் கூடியது உண்மை. களைக்கும் அது நல்ல காலம்தான்.

2,4-டியும் அதன் உறவு மருந்துகளும் அகன்ற இலைக் களைகளை அமுக்க, மிஞ்சிய இடத்தைப் புல் பிடித்தது. அந்தப் புல்லுக்கு வந்ததுதான் புரோப்பனில். 1960களின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு வந்த இந்த மருந்தின் தந்திரம் அழகானது. இது ஒளித்தொகுப்பை நிறுத்தும். நெல்லுக்குள்ளும் போகும், புல்லுக்குள்ளும் போகும். ஆனால் நெல்லிடம் இந்த மருந்தை உடைத்து நஞ்சில்லாமல் ஆக்கும் ஒரு நொதியம் தாராளமாக இருக்கிறது. புல்லிடம் அது போதாது. அதனால் நெல் தப்பும், புல் கருகும்.

கண்ணுக்கு நெல் மாதிரித் தெரிந்த புல்லை, உள்ளே இருக்கும் இரசாயனத்தால் பிரித்துவிட்டோம். ஆயிரம் வருச வேசம் கலைஞ்சு போச்சு எண்டு நினைச்சிருப்பார்கள்.

பிறகு உள்ளுக்கும் நெல்

1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநில நெல் வயல்களில் புரோப்பனிலுக்குச் சாகாத புல் கண்டுபிடிக்கப்பட்டது. அது எப்படித் தப்பியது என்று ஆராய்ந்தால், அந்தப் புல்லிலும் நெல்லில் இருக்கும் அதே வகை நொதியம் கூடுதலாக வேலை செய்கிறது. வெளியே நெல்லாக நடித்த புல், இப்போது உள்ளுக்கும் நெல்லின் வழியைப் பிடித்துக்கொண்டது. களை வரலாற்றில் எங்களை ஆகவும் யோசிக்க வைத்த இடம் இதுதான்.

இது அமெரிக்காவோடு நிற்கவில்லை. இலங்கையிலும் 1990களின் இறுதியில் புரோப்பனிலுக்கு எதிர்ப்புள்ள புல் பதிவானது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புத்தி மரம்பேயும் அமரசிங்கவும் அதைப் பற்றிய ஆய்வை 2002 இல் வெளியிட்டார்கள். முப்பது, நாற்பது வருசம் ஒரே மருந்தில் நம்பிக்கை வைத்த நாட்டுக்கு வந்த கணக்குச் சீட்டு அது.

கிட்டத்து உதாரணம் இன்னொன்று இந்தியாவில். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்லுக்குப் பிறகு கோதுமை, கோதுமைக்குப் பிறகு நெல் என்று மாறாத சுழற்சி. கோதுமைக்குள் வளரும் ஃபலாரிஸ் என்ற புல்லுக்கு ஐசோப்புரோட்டியூரன் என்ற ஒரே மருந்தை வருசக்கணக்காக அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அது வேலை செய்யாமல் போனது. சில இடங்களில் கோதுமையை விளைய விடாமலே பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போட வேண்டி வந்தது. புது மருந்துகளும் உழாமல் விதைக்கும் முறையும் அவர்களைக் காப்பாற்றின. ஆனால் அடுத்த சில வருசங்களில் அந்தப் புது மருந்துகளுக்கும் எதிர்ப்பு வந்தது. முறையை மாற்றியது சரி. புது மருந்தைப் பழைய பழக்கத்தோடே பாவித்ததுதான் பிழை.

இன்று உலகம் முழுவதும் 250க்கும் மேற்பட்ட களை இனங்கள் ஏதாவது ஒரு களைநாசினிக்கு எதிர்ப்புக் காட்டுவதாகப் பதிவாகியிருக்கிறது. 1974 இல் சந்தைக்கு வந்த கிளைபொசேற்றுக்கு எதிர்ப்பு வரவே வராது என்று பலர் நம்பினார்கள். 1996 இல் அவுஸ்திரேலியாவில் வந்தது.

யாழ்ப்பாணத்தின் கணக்கு வேறு

தெற்கின் வயல்களும் எங்கட வயல்களும் ஒரே வரலாற்றால் வரவில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது யூரியாவும் எரிபொருளும் கட்டுப்படுத்தப்பட்டன. உழவு மெசினுக்கு எண்ணெய் இல்லை, பயிருக்கு உரமில்லை. இடப்பெயர்வுகளில் கன வயல்கள் வருசக்கணக்காக விதைக்கப்படாமலே கிடந்தன. 2002 இல் ஏ9 திறந்தது, 2006 இல் மூடியது, 2009க்குப் பிறகு நிரந்தரமாகத் திறந்தது. பாதை திறந்ததும் கடைகளில் எல்லா மருந்தும் வந்து நிறைந்தது. தெற்கு நாற்பது வருசத்தில் கடந்து வந்த பாதையை நாங்கள் சில வருசத்தில் கடந்தோம்.

பாதையால் வந்தது மருந்து மட்டுமில்லை. வெட்டு மெசினும் வந்தது. ஒரு மாவட்டத்தில் அறுவடை முடித்து அடுத்த மாவட்டத்துக்கு ஓடும் மெசினின் வயிற்றுக்குள் களை விதையும் சேர்ந்து பயணம் செய்யும். பை மாறி வரும் விதைநெல்லோடும் வரும். அப்படி வருகிற புல் வேறு எங்கேயோ, வேறு யாரோ அடித்த மருந்தில் ஏற்கெனவே தப்பிப் பழகிய பரம்பரையாக இருக்கலாம். எங்கட வயலில் அந்த மருந்தை ஒருநாளும் அடிக்காதவருக்கும் அதன் எதிர்ப்பு வந்து சேரும். "நான் அளவாத்தான் அடிச்சனான், எனக்கு ஏன்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் இது. ஒரு வயலின் வரப்போடு நிற்கும் பிரச்சினை இல்லை இது, ஊர்ப் பிரச்சினை.

வர்த்தமானியும் புல்லும்

களைநாசினி என்றால் இலங்கையில் உடனே தடைதான் பேச்சு. தடை எல்லாம் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. பரகுவாட் 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதைக் குடித்துச் செத்தவர்களின் நினைவு இல்லாத ஊர் இந்த நாட்டில் குறைவு. கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாக அகற்றியதால் இலங்கையில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன என்பது உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் உண்மை.

கிளைபொசேற் கதை வேறு மாதிரி. வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய்ப் பயத்தோடு 2015 இல் முழுத்தடை. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதி. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்துக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் ஒட்டுமொத்த இறக்குமதித் தடை, அதே வருசம் நவம்பரில் அது கைவிடப்பட்டது. 2022 இல் கிளைபொசேற் திரும்பவும் திறக்கப்பட்டது. ஏழு வருசத்தில் இத்தனை வர்த்தமானி. ஒவ்வொரு முறையும் கமக்காரர் கையில் இருந்ததை எறிந்துவிட்டு, கிடைத்ததைத் தூக்கினார்கள். மருந்துக்குப் பதில் என்ன என்பதை ஒருவரும் ஆறுதலாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. கிடைக்கிற ஒரேயொரு மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதுதான் எதிர்ப்பை வளர்க்கும் குறுக்குவழி. திடீர்த் தடை ஆட்களை அந்த வழிக்கே தள்ளும்.

தண்ணீர் என்ற களைநாசினி

இங்கேதான் திரும்பவும் தொண்டைமானாறு வருகிறது. நெல் வயலின் ஆகப் பழைய களைநாசினி தண்ணீர். விதைத்து முளைத்த பிறகு சில அங்குலம் தண்ணீர் தொடர்ச்சியாகக் கட்டி நின்றால் பெரும்பாலான புல் விதைகள் முளைக்கச் சிரமப்படும். நெல் தாங்கும். குளத்துத் தண்ணீர் உள்ள இடங்களில் இது கைக்குள் இருக்கும் ஆயுதம். குடாநாட்டில் அப்படிப் பாயும் ஆறுமில்லை, பெரிய குளமுமில்லை. ஆவணி, புரட்டாதியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் எங்கட முறை. முதல் மழைக்கு நெல்லும் புல்லும் ஒன்றாக முளைக்கும். புல் வெயிலையும் வறட்சியையும் நெல்லைவிட நன்றாகத் தாங்கி முந்தும். மழை பிந்தினால் வயலில் தண்ணீர் கட்ட வழியில்லை. அப்போது மிஞ்சுகிற வழி மருந்து மட்டும்.

கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றுவதற்காக இந்த ஆற்றை வெட்டுவித்தான் என்பது மரபுக் கதை. 1950களில் அதே இடத்தில் உவர்நீர்த் தடுப்பணை கட்டியது எதிர்மாறான நோக்கத்துக்கு. கடலை வெளியே நிறுத்தி, மாரி வெள்ளத்தை உள்ளே பிடித்து, வடமராட்சிக் கடல்நீரேரியை மெல்ல மெல்ல நன்னீராக்குவது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகத்தின் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தில் இதுவும் ஒரு கண்ணி. ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழும் கனகராயன் ஆற்றின் தண்ணீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக இங்கே கொண்டுவருவது அந்தக் கனவு. திட்டம் முழுதாக முடியவில்லை. பலகைக் கதவுகள் உக்கின, போரில் பராமரிப்பு நின்றது, உப்பு திரும்பி வந்தது. போருக்குப் பிறகு அணை புதுப்பிக்கப்பட்டது.

இதை நாங்கள் எப்போதும் குடிதண்ணீர்ப் பிரச்சினையாக மட்டும் பேசுகிறோம். களைப் பிரச்சினையும் இதற்குள் இருக்கிறது. வயலில் நல்ல தண்ணீர் பத்து நாள் கூட நின்றால், அது ஒரு தடவை மருந்தடிப்பதைக் குறைக்கும். உப்பு ஏறினால் நெல் ஐதாகும், இடைவெளியில் உப்பைத் தாங்கும் களை ஏறும். அணையின் கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது மீன்பிடிக்கும் ஆக்களும் கமக்காரரும் சேர்ந்து பேச வேண்டிய விசயம். களையும் அந்தக் கூட்டத்தில் ஒரு நிகழ்ச்சி நிரல்தான்.

அப்ப என்ன செய்யிறது?

களை விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பச் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஒன்றையே செய்யாதீர்கள். புல் கண்ணை வென்றது, நாங்கள் கண்ணை மட்டும் நம்பிய காலத்தில். புரோப்பனிலை வென்றது, அதை மட்டும் நம்பிய காலத்தில். ஒரே நேரத்தில் நாலு பக்கத்தாலும் வரும் தாக்குதலுக்குத் தப்பும் புல் உருவாவது மிகவும் கடினம்.

முதல் மழைக்குப் புல்லை முளைக்க விட்டு, உழுது மடக்கிவிட்டு அதன்பிறகு விதைக்கலாம். ஒரு மழையை இழக்கும் பயம் இருக்கும், அதனால் முழு வயலிலும் முடியாவிட்டால் புல் கூடின துண்டில் மட்டும் செய்து பார்க்கலாம். சான்றிதழ் உள்ள சுத்தமான விதைநெல் பாவிக்கலாம். வெட்டு மெசின் வயலுக்குள் இறங்க முதல் கழுவச் சொல்லலாம். மருந்து வாங்கும்போது பெயரை மாற்றினால் போதாது. வேறு வேறு பெயரில் வரும் மருந்துகள் ஒரே வழியில் தாக்குபவையாக இருக்கும். தாக்கும் வழி வேறான மருந்து எது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு மாற்ற வேண்டும். சொன்ன அளவில், புல் ரெண்டு மூன்று இலையோடு இருக்கும்போதே அடிக்க வேண்டும். அரைகுறை அளவு, அரைகுறை எதிர்ப்புள்ள புல்லை உயிரோடு விட்டுவிடும். ஆகக் கடைசியாக, தப்பி நிற்கும் நாலு புல்லை விதை கொட்ட முதல் கையால் பிடுங்க வேண்டும். முழு வயலுக்கும் கை தேவையில்லை. அந்த நாலுக்கு மட்டும் தேவை.

மருந்துக்குச் சாகாதது எல்லாம் எதிர்ப்பு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அடித்த கையோடு மழை பெய்திருக்கலாம், புல் முற்றியிருக்கலாம். மற்றக் களை எல்லாம் செத்து, ஒரே ஒரு இனம் மட்டும், அதிலும் செத்ததுக்குப் பக்கத்தில் அதே இனம் பச்சையாக நின்று, அந்தத் திட்டு வருசா வருசம் பெருத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

"வருசா வருசம்" என்ற அந்தச் சொல்லில்தான் எங்களுக்கு ஒரு வேலை இருக்கு எண்டு நினைக்கிறோம். எதிர்ப்பைக் கண்டுபிடிக்க வயலின் வரலாறு வேணும். எந்த வருசம் எந்த மருந்து, எத்தனை தரம், எந்தத் துண்டில் புல் தப்பியது, விதை எங்கிருந்து வந்தது, எந்த வருசம் உப்பேறியது. இதெல்லாம் எங்கட அப்பப்பா, அம்மம்மா, பெரியப்பாமாரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கு. வாய்மொழி வரலாறு சேகரிப்பது எப்படி என்று கலைப்பீடத்தில் படிக்கிறம். கிளிநொச்சியில் இருக்கிற விவசாய பீடப் பிள்ளைகளுக்கு விதையைச் சோதிச்சுப் பார்க்கத் தெரியும். ரெண்டையும் சேர்த்தால் ஒரு ஊரின் களை வரலாற்றை எழுதலாம்.

இந்த மாரிக்கு வீட்டில் வயல் செய்யிற யாராவது இருந்தால், ஒரு சின்னக் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கோ. முதல் கேள்வியாக இதைக் கேளுங்கோ: "இப்ப எந்தப் புல்லு சாகுதில்லை? எந்த வருசத்தில இருந்து?" சொல்வதை வருசத்தோடு எழுதிக்கொண்டு வாங்கோ.